முதுகால் படித்த அரியர் அண்ணாத்த

உலகத்தில் பொறியியல் படித்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்துப் படித்தவர்கள். முதுகால் படித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் பஸ்ஸின் டிரைவர். இதை மறுக்க நினைப்பவர்கள், முகத்தைத் திருப்பாமல், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, பின்னால் ஓடும் டிவியைக் கேட்டே ஒரு பாடத்தில் தேர்வெழுதிய வேறொரு ஆளைக் கொண்டுவந்து காட்டட்டும். நான் பேனாவை மூடிவிடுகிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். காக்கிச் சட்டையின் பாக்கெட்டுக்கு மேல் அதைச் சிவப்பு நூலில் தைத்தும் இருந்தார்கள். சலவையில் பாதி எழுத்து போய், மிச்சத்தைப் படித்தால் ஏதோ மாத்திரையின் பெயர் போல இருந்தது. நான் முதல்முறை பஸ்ஸில் ஏறிய அன்றே அவர் தன்னை இப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார்:

"டிப்ளமா மெக்கானிக்கல் சார். ஒத்த அரியர்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படித்த பாலிடெக்னிக்கில் எல்லாப் பேப்பரையும் தாண்டிவிட்டு, 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்கிற ஒரே ஒரு பாடத்தில் தலைகுப்புற விழுந்தவர். எது எவ்வளவு பாரம் தாங்கும், எப்போது வளையும், எப்போது உடையும் என்று சொல்லித்தரும் பாடம் அது. மனிதர் வளையவில்லை, உடையவில்லை. லாரி ஓட்டப் போய்விட்டார். பதினாறு வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது, நேற்று சாயந்தரம்தான் ரிசல்ட் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அப்படியாக அவர் 'அரியர் அண்ணாத்த' ஆனார். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஹாரன் அடித்துப் பதில் சொல்வார்.

பஸ் ராத்திரி அவர் ஊரான கருங்குழியில் தூங்கும். விடிந்ததும் பாலாற்றைத் தாண்டி செங்கல்பட்டு வந்து எங்களை அள்ளிக்கொண்டு, திருக்கழுக்குன்றம், அணுபுரம் வழியாகக் கடலோரத்தில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றேகால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பஸ் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்குப் போகும் என்பதால் அதில் ஒரு டிவியும் டிவிடி பிளேயரும் உண்டு. டிவி, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் தடுப்பின் மேல், எங்களைப் பார்த்தபடி இருந்தது. காலையில் அதில் பழைய பாட்டுகள் ஓடும். ஸ்டோர்ஸ் பிரிவு முத்துராமன் சார், திருநெல்வேலிக்காரர், ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி, முதல் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வருவார். அந்தத் தொடைக்கு அலுவலகம் தனியாகச் சம்பளம் தரலாம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பாட்டு வரவில்லை. திரையில் கரும்பலகை வந்தது. அதன் முன்னால் அரைக்கைச் சட்டை போட்ட ஒரு பேராசிரியர் வந்து, இங்கிலீஷில் வணக்கம் சொன்னார்.

"டிரைவர், கேசட்டு மாறிட்டுதுய்யா" என்றார் முத்துராமன் சார்.

"மாறல சார். மாத்திட்டேன்."

நாட்டின் பெரிய பெரிய தொழில்நுட்பக் கல்லூரி வாத்தியார்கள் தங்கள் வகுப்புகளை அப்படியே படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு வேண்டாம், நுழைவுத் தேர்வு வேண்டாம், வாசலில் வாட்ச்மேன் கிடையாது என்று இணையத்தில் போட ஆரம்பித்திருந்த காலம் அது. அண்ணாத்த சவாரி இல்லாத ஞாயிறுகளில் செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க ஒரே ஒரு வகுப்பை இறக்கி, சிடியில் ஏற்றிக்கொண்டு வருவார். மழை பெய்தால் பாதி வகுப்புதான் இறங்கும். பாதி வகுப்பும் பஸ்ஸில் ஓடும். வாத்தியார் வாயைத் திறந்தபடியே நிற்பார். அடுத்த ஞாயிறு மீதி இறங்கிய பிறகுதான் மூடுவார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அண்ணாத்தயின் முதுகு. பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் தண்டுவடத்தில் ஏதோ நழுவிவிட்டது. "ஒரு வருஷத்துக்குள்ள சீட்ட விட்டு எறங்கிடு. இல்லன்னா நாலு பேர் எறக்குவாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வண்டிகளைப் பராமரிக்கும் சூப்பர்வைசர் வேலை இருந்தது. நிற்கலாம், நடக்கலாம், மற்றவர்களைத் திட்டலாம். முதுகுக்கு நல்ல வேலை. ஆனால் டிப்ளமா சான்றிதழ் வேண்டும். அந்த வருஷம் பார்த்து, பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவித்திருந்தார்கள். ஒரே தேர்வு. அதோடு கதவு சாத்தப்படும்.

"என் முதுகு கேன்டிலீவர் சார்" என்று அவரே ஒருநாள் எனக்கு விளக்கினார். "ஒரு பக்கம்தான் புடிப்பு. இன்னொரு பக்கம் காத்துல தொங்குது. எப்ப ஒடியும்னு கணக்கு கீது. அந்தக் கணக்குலதான் சார் நான் ஃபெயிலு."

படிக்க அவருக்குக் கிடைத்த நேரம் ஓட்டுகிற நேரம்தான். வாத்தியாரோ முதுகுக்குப் பின்னால். காது மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. பேராசிரியர் பலகையில் ஏதோ கிறுக்கிவிட்டு, "இங்கே நீங்களே பார்க்கலாம்" என்று இங்கிலீஷில் சொல்வார். உடனே முன்னாலிருந்து ஒரு குரல் வரும்:

"இன்னா சார் வரைஞ்சாரு?"

நாற்பது பேரும் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்ப்போம்.

"சார், யாரனா சொல்லுங்க சார். பேஜாரா கீது. அவரு பார்க்கலாம்றாரு. நான் ரோட்ட பாக்கறதா, அவர பாக்கறதா?"

முதல் வாரம் முத்துராமன் சார்தான் வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தார். "ஒரு கோடு இழுத்தான். அதுக்குக் கீழ இன்னொரு கோடு இழுத்தான். இப்ப அழிச்சிட்டான். போதுமா?"

"எந்தக் கோட்ட அழிச்சாரு?"

"ஏன்யா, அழிச்ச கோட்டுக்கு நான் அட்ரஸ் வாங்கி வைக்கவா?"

பேராசிரியர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "எனி டவுட்ஸ்?" என்பார்.

"கீது சார்!" என்று அண்ணாத்த கத்துவார்.

"குட்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

பஸ்ஸே குலுங்கும். அண்ணாத்த மட்டும் சிரிக்க மாட்டார். "காலேஜுலயும் இதான் சார் நடந்துச்சு. அங்க ஃபீஸு வாங்கிகினு போனாரு, இவரு ஃப்ரீயா போறாரு. அவ்ளோதான்."

பதில் சொல்ல ஆளில்லை என்பது மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பிரவுசிங் சென்டர் பையனைத் தட்டச்சு செய்யச் சொல்லி, அந்த இணையதளத்துக்கு ஒரு கடிதமே அனுப்பினார்: 'ஐயா, நான் டிரைவர். பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்லி உதவவும்.' அரை நொடியில் பதில் வந்தது. தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், விரைவில் தொடர்புகொள்வோம் என்று. இயந்திரம் தானாக அனுப்புகிற பதில் அது. அண்ணாத்த அதைப் பிரின்ட் எடுத்து, லாமினேட் செய்து, முன் கண்ணாடியில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். ஊதுபத்தி இருவருக்கும் பொது.

அதன்பிறகு ஒரு பதிலும் வரவில்லை. "அவரு ஒத்த ஆளு சார். கேக்கறவன் ஊரு ஒலகம் பூரா கீறான். எப்டி பதில் போடுவாரு? நாப்பது பேர வெச்சிகினு கீறேன், என்னாலயே ஆருக்கும் ஒழுங்கா பதில் சொல்ல முடியல" என்று பேராசிரியருக்காக அவரே எங்களிடம் வாதாடினார். எனக்குத் தெரிந்து, வராத பதிலுக்காக வாத்தியார் பக்கம் பேசிய ஒரே மாணவர்.

இந்த இலவசப் பாடங்களில் சேருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதியிலேயே காணாமல் போய்விடுகிறார்கள் என்று பின்னாளில் எங்கோ படித்தேன். எங்கள் பஸ்ஸில் அந்தப் பிரச்சினை எழவே இல்லை. செங்கல்பட்டில் ஏறினால் கடல் வரும்வரை கதவு திறக்காது. காணாமல் போக வேண்டுமானால் ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும்.

நிலைமையை மாற்றியவர் டெஸ்பாட்ச் பிரிவு ராஜேஸ்வரி மேடம். அதிர்ந்து பேசாதவர். காலை ஆறே முக்காலுக்கு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறவர். உத்தரத்தின் மேல் சீராகப் பரவிய பாரத்தைப் பேராசிரியர் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகளாக வரைந்தபோது, அவர் தன்னையறியாமல் சொல்லிவிட்டார்: "அண்ணே, ஒரு நீளமான பலகை. மேல ஒட்டி ஒட்டி இட்லி அடுக்கிருக்காரு."

வண்டியின் வேகம் குறைந்தது. "எத்தினி இட்லி மேடம்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு."

"இப்ப புரியுது. தோ... இப்ப கண்ணுல தெரியுது மேடம்!"

அவ்வளவுதான், வெள்ளம் கரையை உடைத்தது. வெட்டுவிசைப் படத்துக்கு, "இடது பக்கம் ஒரு சமோசா மேல பாத்து நிக்குது, வலது பக்கம் ஒண்ணு கவுந்து தொங்குது" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். வளைவுப் படத்துக்கு நான், கவிதை எழுதுகிறவன் என்கிற திமிரில், "பௌர்ணமிக்கு முந்தின அலை" என்றேன்.

"அது இன்னா மாதிரி இருக்கும் சார்?"

"கவுத்துப் போட்ட வடச்சட்டி அண்ணே" என்றார் ராஜேஸ்வரி மேடம்.

"அப்டி சொல்லுங்க! சாரு பேசறது எனுக்கு இங்கிலீஷவிட கஷ்டமா கீது."

என் இலக்கிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான, மிக நியாயமான விமர்சனம் அதுதான்.

பாடத்தை அவர் எங்கள் மேலேயே சோதித்தும் பார்த்தார். உத்தரம் நடுவில்தான் அதிகமாக வளையும் என்று பேராசிரியர் சொன்ன அன்று, "கரெக்ட்டு சார்! கடைசி லாங் சீட்டுல நட்டநடுவுல குந்தறவன கேளு, சொல்லுவான்" என்றார். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று வழிமொழிந்தார்.

முத்துராமன் சார் மட்டும் மசியவில்லை. பாட்டு போனதை அவரால் தாங்க முடியவில்லை. 'காலை வேளையில் பயணிகளின் செவிகள் மீது நிகழ்த்தப்படும் வன்முறை' பற்றி முழு நீளத் தாளில் புகார் எழுதிக் கொடுத்தார். போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரி ஒருநாள் செங்கல்பட்டில் எங்களோடு ஏறினார். புகார் உண்மையானால் அண்ணாத்தயை வேறு தடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்தத் தட வண்டியில் டிவி கிடையாது. தேர்வுக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. அண்ணாத்தயின் பின்கழுத்து வியர்த்திருந்ததை நான் பார்த்தேன்.

திரையில் பேராசிரியர் ஒரு பெரிய கணக்கைப் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இதனால யாருக்கெல்லாம் தொந்தரவு? கை தூக்குங்க" என்றார் அதிகாரி.

ஒரு கையும் எழவில்லை. அதிகாரி முத்துராமன் சார் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எழுதிக் கொடுத்தது? இப்ப சொல்லுங்க."

முத்துராமன் சார் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லும்யா, மறைக்கீரு. விடை வரப்போவுது!"

அதிகாரி அணுபுரம் வாசலிலேயே இறங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ரிமோட் முத்துராமன் சார் கையில். யாராவது தூங்கி வழிந்தால், "ஏல, அங்க என்ன ஒறக்கம்? டிரைவருக்கு நாளைக்குப் பரீச்சை வச்சிருக்கான்" என்று அதட்டுவார். இருபத்திரண்டு நாளும் அவருக்கு நாளைக்குத்தான் பரீச்சை.

தேர்வு நடந்த அன்று வேறொரு டிரைவர் வந்தார். டிவியை யாரும் போடச் சொல்லவில்லை. மறுநாள் அண்ணாத்த வந்ததும் பஸ்ஸே முன்பக்கம் சாய்ந்தது.

"எழுதிட்டேன். ஆனா பெரிய ராவடி ஆயிப்போச்சு சார்" என்று ஆரம்பித்தார். கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லையாம். அப்புறம்தான் புரிந்திருக்கிறது: அவருக்குப் பாடம் புத்தகத்தில் இல்லை, ரோட்டில் இருந்தது. எந்தச் சூத்திரத்தை எந்த வளைவில் கேட்டாரோ, அந்த வளைவுக்குப் போனால்தான் அது வரும். எனவே பெஞ்சுக்கு அடியில் கிளட்சை மிதித்து, இடது கையால் கியர் போட்டு, மனசுக்குள் செங்கல்பட்டிலிருந்து வண்டியைக் கிளப்பியிருக்கிறார்.

"ஏரிக்கரை வந்துச்சு, ரெண்டு மார்க்கு கேள்வி மொத்தம் வந்துச்சு. கழுக்குன்றம் மல தெரிஞ்சுச்சு பாரு, டபிள்யூ எல் ஸ்கொயர் பை எய்ட்டு அப்டியே குந்திகினு கீது! ஸ்பீடு பிரேக்கர் வந்தா மைனஸ் போட்டேன். மூணு மணி நேரத்துல ரெண்டு தபா போயிட்டு, மூணாவது தபா பாதி வழி வந்தேன் சார்."

"கண்காணிப்பாளர் ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"வந்தாரு. 'இன்னாய்யா கீழ மிதிச்சிகினே கீற, அங்க பிட்டு ஒளிச்சி வெச்சிகீறியா'ன்னாரு. செருப்ப கழட்டி காட்டினேன். 'பின்ன எதுக்கு மிதிக்கிற'ன்னாரு. 'சார், கூட்டம் குறுக்க வருது, பிரேக்கு புடிக்கிறேன்'னேன். என்னாண்டயே வரல அப்புறம்."

ராஜேஸ்வரி மேடம் மெதுவாகக் கேட்டார். "இட்லி வந்துச்சாண்ணே?"

"வராம? பன்னெண்டு போட்டேன் மேடம். பதினொண்ணு போட்டுட்டு, எண்ணிப் பாத்து இன்னொண்ணு சேத்தேன். ஒரு இட்லி கொறஞ்சா லோடு கொறஞ்சிடுமே."

பாரம் எவ்வளவு இருந்தாலும் எத்தனை மேடு வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பதை அவருக்கு யார் சொல்வது? நாற்பது பேரும் அதைச் சொல்லாமல் விட்டோமே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பலகையைப் பார்த்தது நாங்கள். எழுதப் போனவர் அவர். தோற்றால் பாதி தோல்வி எங்கள் வாயில் இருக்கிறது. ரிசல்ட் வரும்வரை இருந்த இரண்டு மாதமும் பஸ்ஸில் ஒருவருக்கும் நிம்மதியில்லை.

ரிசல்ட் ஒரு சாயந்தரம் வந்தது. ராஜேஸ்வரி மேடத்தின் தம்பி பிரவுசிங் சென்டரில் பதிவு எண்ணோடு காத்திருந்தான். பஸ் அணுபுரத்தைத் தாண்டியதும் மேடத்தின் செல்போன் அடித்தது. கேட்டார். வைத்தார். உள்ளங்கையில் பேனாவால் எழுதி, பின்னால் இருந்தவர்களுக்குக் காட்டினார். கை, சீட் சீட்டாகப் போய் வந்தது.

"போன் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சுண்ணே."

"சொல்லாதீங்க." குரல் மட்டும் திரும்பியது, தலை திரும்பவில்லை. "நல்ல சேதின்னாலும் கை ஒதறும், கெட்ட சேதின்னாலும் ஒதறும். பின்னால நாப்பது உசுரு கீது. கழுக்குன்றத்துல வண்டிய நிறுத்தினப்புறம் கேட்டுக்கறேன்."

அப்படி ஒரு பயணம் என் வாழ்நாளில் இல்லை. மேற்கே சூரியன் சவுக்குத் தோப்புகளுக்குள் பழுத்துக்கொண்டிருந்தது. காற்றில் உப்பு. நாற்பது பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம், அது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் தெரியாமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேல் கண்ணாடியில் அவருடைய கண்கள் எங்கள் முகங்களைத் துழாவின. முகத்தை ஜன்னலுக்குக் கொடுத்தோம். முத்துராமன் சார் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஓரமாக நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். கை பிரேக்கை இழுத்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"இப்ப சொல்லுங்க மேடம். இன்னா எழுதிகீறாங்க?"

ராஜேஸ்வரி மேடம் உள்ளங்கையைப் பார்த்தார். இத்தனை நாள் பழக்கம், வேறு மாதிரிச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"ஒரு நாலு போட்டிருக்குண்ணே. பக்கத்துல ஒரு ஒண்ணு."

அண்ணாத்த கேட்டார். "ஒண்ணு... நாலுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலண்ணே. பின்னாலதான்."



"பாஸு நாப்பதுதான சார்?" என்றார் பொதுவாக.

"நாப்பதுதாம்யா!" என்று கத்தினார் முத்துராமன் சார். குரல் பாதியில் ஒடிந்தது. "நாப்பத்தொண்ணுய்யா! போயிரு! எங்களைய விட்டுட்டு சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போயிரு!"

அண்ணாத்த சீட்டிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, முதல்முறையாக, டிவிக்குக் கீழே எங்களைப் பார்த்து நின்றார். கண்ணாடியில் துண்டு துண்டாகவும், முதுகுக்குப் பின்னால் குரல் குரலாகவும் மட்டும் தெரிந்திருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தார்.

அந்த முகம் எப்படி இருந்தது என்று, அதைப் பார்க்காத உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல, இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். ராஜேஸ்வரி மேடத்தைத்தான் கேட்க வேண்டும்.